கூட்டிச் சொன்ன வயது

எங்கள் தொழிலில் வயதைக் குறைத்துச் சொல்கிறவள் விவரம் கெட்டவள். கூட்டித்தான் சொல்ல வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரே ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. மருந்துக் கடைக்கு மேலே, மாடியில், மேடம் அழகு நிலையம் வைத்திருந்தார். நான் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம் திருத்துவது, முடிக்குச் சாயம் போடுவது என்று ஓடிக்கொண்டிருந்த இடத்தில் முகப் பயிற்சி வகுப்பு என்று ஒன்றைப் புதிதாகத் தொடங்கினார். கன்னத்தை உப்புவது, உதட்டை உள்ளே மடித்துச் சிரிப்பது, விரலால் நெற்றியை அழுத்திக்கொண்டு புருவத்தைத் தூக்குவது, நாக்கை நீட்டி மேற்கூரையைப் பார்ப்பது. கூடவே எந்தக் கிரீமை எப்போது எப்படித் தடவ வேண்டும் என்று பாடம். சொல்லிக்கொடுக்க என்னை நிறுத்தினார். முதலில் வந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். "நாப்பத்திரண்டு" என்றேன். "ஆமா, அப்படித்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மேடத்துக்கு வந்ததே கோபம். "நாப்பத்திரண்டுக்காரி நாப்பத்திரண்டு மாதிரி இருக்கறதுக்கு எதுக்குடி வகுப்பு? அது வீட்டுல சும்மா படுத்திருந்தாலே வருமே!" அடுத்து வந்தவரிடம் என்னை வாயைத் திறக்க விடவில்லை. அவரே முந்திக்கொண்டு, "இவங்களைப் பாருங்க, ஐம்பத்தாறு முடிஞ்சிருச்சு" என்றார். வந்தவர் வாயைப் பிளந்தார். கிட்டே வந்து என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அன்று சாயங்காலத்துக்குள் ஐந்து பேர் வகுப்பில் சேர்ந்தார்கள்.

அப்படித்தான் நான் ஒரே நாளில் பதினான்கு வருஷம் வாழ்ந்து முடித்தேன். கொடுமை என்னவென்றால், அன்று எனக்கு அது பிடித்திருந்தது. என் முகத்தைப் பார்த்து யாரும் அதற்கு முன் வாயைப் பிளந்ததில்லை. கட்டினவன் மூன்றே வருஷத்தில் வேறொருத்தியோடு போய்விட்டான். போகும்போதுகூட அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டும். ஐம்பத்தாறு வயதுக்காரிக்கு நரையே இல்லாவிட்டால் சாயம் என்று சந்தேகப்படுவார்கள். அதனால் ஊர்ப் பெண்கள் எல்லாம் முன்னறையில் வெள்ளை முடியைக் கறுப்பாக்கிக்கொண்டிருக்க, நான் மாதம் ஒரு முறை பின்னறையில் உட்கார்ந்து காதோரக் கறுப்பு முடியை வெளுத்துக்கொண்டேன். ஐம்பத்தாறு வயதுக்காரிக்குக் குடும்பம் இல்லாவிட்டால் துருவித் துருவிக் கேட்பார்கள். அதனால் மேடம் எனக்கு வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரு மகனைக் கொடுத்தார், ஒரு மருமகளைக் கொடுத்தார். பேரனை மட்டும் நானே சேர்த்துக்கொண்டேன். பிள்ளை பெறாமலே பாட்டியானவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவனுக்குப் பல் முளைத்தது, நடந்தான், பள்ளிக்கூடம் போனான். எல்லாம் வகுப்பு நடக்கும்போதே நடந்தன.

வகுப்பு திங்கள், வியாழன். ஐம்பதைத் தாண்டிய பன்னிரண்டு பெண்கள் ஆளுக்கொரு கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி "அ... ஆ... இ... ஈ..." என்று இழுப்பார்கள். 'ஈ'க்குக் கன்னம் காதுவரை போக வேண்டும். 'ஊ'வுக்கு உதடு ஒரு பட்டாணி அளவுக்குச் சுருங்க வேண்டும். 'ஓ' வரும்போது கீழே மருந்துக் கடைக்காரரும் சேர்ந்து ஒரு 'ஓ' போடுவார். படிக்கட்டில் ஏறும்போதே அவர் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பன்னிரண்டு பேரில் முதல் வரிசை பெரிய டீச்சருக்கு. பெண்கள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்தவர். போன வருஷம்தான் ஓய்வு பெற்றார். முதல் மாதத்திலிருந்து, ஐந்து வருஷமாக வருகிறவர். கண்ணுக்குக் கீழே மோதிர விரலால்தான் தொட வேண்டும், அதற்குத்தான் பலம் குறைவு என்று நான் ஒரு தரம் சொன்னதை, அடுத்த வாரம் மற்றவர்களுக்கு அவரே பாடம் எடுத்தார். மல்லாந்து படுக்க வேண்டும், வெயிலில் கண்ணைச் சுருக்கக் கூடாது, சிரித்தால் உதட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்: எல்லாவற்றையும் வேதவாக்காகக் கடைப்பிடித்தார். "நீங்க என்னைவிட ஒரு வயசு மூத்தவங்க. உங்களைப் பார்க்கறப்பல்லாம் எனக்கும் காலம் இருக்குன்னு தோணுது" என்பார். அவருக்கு அறுபது. எனக்கு அவர் கணக்கில் அறுபத்தொன்று. நிஜத்தில் நாற்பத்தேழு.

அவரை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை மருந்துக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் அவருடைய தம்பி. ஐம்பத்திரண்டு வயது. இரண்டு தெரு தள்ளி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மனைவி இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. ஒரு நாள் நான் கீழே பஞ்சு வாங்கப் போனபோது, ஒரு டப்பாவின் மேலிருந்த சின்ன எழுத்தைப் படிக்கக் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னும் கொஞ்சம் நீட்டுங்கக்கா, எதிர்க் கடைக்காரர் படிச்சுச் சொல்லிடுவார்" என்று பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

அக்கா! என்னைவிட ஐந்து வயது பெரிய ஆண்பிள்ளை. சுருக்கென்று குத்தியது. ஆனால் அந்தக் கேலியில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கண்ணாடி போட்டால் மூக்கில் தழும்பு விழும் என்று வகுப்பில் நானே பயமுறுத்துகிறவள், மறுநாள் அவர் கடையில் போய் உட்கார்ந்தேன்.

அட்டையில் வயது என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அறுபத்தொண்ணு" என்றேன். பழக்கம். அவர் லென்ஸுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் படிக்கச் சொன்னார். பிறகு நெற்றியைச் சொறிந்தார். "ஒன்றரை பவர்லயே எல்லாத்தையும் படிச்சிட்டீங்களே. உங்க வயசுக்கு ரெண்டரையாவது வரணும்." இன்னொரு முறை சோதித்தார். அதே ஒன்றரை. "அக்கா, நீங்க எத்தனை தடவை சொன்னாலும் உங்க கண்ணு நம்ப மாட்டேங்குது. அதுக்கு நாப்பத்தஞ்சு, நாப்பத்தேழுன்னு நெனப்பு" என்று சிரித்தார்.

ஐந்து வருஷத்தில் என்னை ஒருவர் சரியாகப் பார்த்தது அன்றுதான். கிரீம் தடவிய இடத்தை எல்லாம் விட்டுவிட்டு, தடவாத இடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இதைச் சொல்ல வெட்கம் என்ன? பிடித்துப்போயிற்று.

அதற்குப் பிறகு திங்களும் வியாழனும் எனக்கு வேறு நாட்களாகிவிட்டன. வகுப்பு முடிந்ததும் ஏதாவது சாக்கு வைத்துக் கீழே இறங்குவேன். அவர் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுவார். பேசுவோம். கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடியை எங்கெங்கே மறந்து வைக்கிறார்கள், எப்படி அதன் மேலேயே உட்காருகிறார்கள் என்று சொல்லிச் சிரிக்க வைப்பார். நடுவில் ஒரு தரம் முடியை வெளுக்கும் மருந்து காதோரத்தைச் சுட்டுவிட்டது. தோல் உரிந்து, மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. பேரனுக்குக் கடுமையான காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், எனக்கு வெளியே வர மனசு இல்லை என்று சொல்லிவைத்தேன். திரும்பி வந்த அன்று அவர் எழுந்து நின்று, "பையனுக்கு இப்போ எப்படியிருக்கு?" என்று கேட்டார். "தேவலை" என்றேன். அவர் நிம்மதியாக மூச்சு விட்டதை நான் கவனித்தேன், ஆனால் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு வியாழக்கிழமை மற்றவர்கள் போன பிறகு பெரிய டீச்சர் முகத்தைத் துடைத்தபடி சொன்னார்: "தம்பிக்கு ஒரு துணை தேடிக்கிட்டிருக்கேன். எத்தனை நாளைக்குக் கடைச் சாப்பாடு? நாப்பத்தஞ்சுலருந்து ஐம்பதுக்குள்ள ஒரு நல்ல பொம்பளை கெடைச்சாப் போதும். அவனும் சரின்னுட்டான்." கைக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "உங்களுக்கு மட்டும் ஒரு பத்துப் பதினஞ்சு வயசு கம்மியா இருந்திருந்தா, நான் வேற வீட்டு வாசலை மிதிச்சிருக்கவே மாட்டேன். அவனும் உங்களைப் பத்தியே பேசறான். ம்... கொடுத்து வைக்கலை."

பதினான்கு வயது. மேடம் வாயால் கூட்டியது. என் வாயால் கழித்துவிட்டால் போதும்!

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மை வெளியே வந்தால் வகுப்பு நிற்கும், வேலை போகும், மேடம் என்னைத் தெருவில் இழுத்து வைத்துக் கத்துவார். போகட்டும். புருவம் திருத்தத் தெரிந்தவளுக்கு எங்கே போனாலும் ஒரு நாற்காலி கிடைக்கும். ஆனால் என்னைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் விடுகிற ஆள் இன்னொருவர் கிடைப்பாரா? அவரிடமே நேராகச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் துணிச்சல் வரவில்லை. இந்த வயதில் நானே போய் என்னைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று கேட்பதா என்று கூசியது. முறைப்படி அவருடைய அக்காவிடம் போவோம், அவர்தானே வாய்விட்டுச் சொன்னார் என்று நினைத்தேன். நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம் அது.

திங்களன்று வகுப்பு முடிந்ததும் பெரிய டீச்சரைப் பின்னறைக்குக் கூட்டிப்போய், என் பள்ளிக்கூடச் சான்றிதழைக் கையில் கொடுத்தேன். முப்பது வருஷம் பிள்ளைகளைச் சேர்க்கும்போது பிறந்த தேதியைச் சரிபார்த்த கண்கள். ஒரு பார்வைதான். நிமிர்ந்தார்.

"இது யாரோடது?"

"என்னோடதுதான் டீச்சர். எனக்கு நாப்பத்தேழு. மகனும் இல்லை, பேரனும் இல்லை. மேடம் சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். நீங்க அன்னிக்குச் சொன்னீங்களே... அதனாலதான் மறைக்க மனசு வரலை."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், படம் எடுப்பதற்காக வைத்திருந்த வட்ட விளக்கின் முன் நிறுத்தினார். சுவிட்சைப் போட்டார். என் முகவாயை ஒரு விரலால் நிமிர்த்தி இடமும் வலமும் திருப்பினார். ஐந்து வருஷமாக எந்தக் கழுத்தைப் பார்த்து ஏங்கினாரோ, அதே கழுத்தில் அவர் விரல் ஊர்ந்தது.

"நாப்பத்தேழுன்னா..." என்று இழுத்தார். "கழுத்து கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கு. இந்த வாயோரக் கோடு எனக்கு ஐம்பதுலகூட இல்லை. கண்ணுக்குக் கீழயும் பை விழுந்திருக்கே, இத்தனை நாள் எப்படி எனக்குத் தெரியாமப் போச்சு?"

அறுபத்தொன்றில் நான் அதிசயம். நாற்பத்தேழில், வயதுக்கு மீறித் தளர்ந்துபோன ஒரு பொம்பளை. முகம் அதேதான், ஒரு கோடு கூடவில்லை.

"அப்போ அஞ்சு வருஷமா நான் யாரைப் பார்த்து மூஞ்சியை இழுத்துக்கிட்டிருந்தேன்?" என்றார். குரல் அப்போதுதான் உடைந்தது. "என்னைவிடப் பதிமூணு வயசு சின்னவளைப் பார்த்து! நீங்க அப்படி இருக்கீங்களே, நான் ஏன் இப்படி இருக்கேன்னு எத்தனை நாள் கண்ணாடி முன்னாடி அழுதிருக்கேன் தெரியுமா? சிரிக்கக்கூட யோசிச்சேன்!"

"மன்னிச்சுக்குங்க டீச்சர்" என்றேன். பிறகு மானத்தை விட்டு, "தம்பிகிட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"என்னன்னு சொல்லச் சொல்றீங்க? ஊரே உங்களை அறுபத்தொண்ணுங்குது. வயசானவளைத் தம்பி தலையில கட்டி வெச்சுட்டான்னுதான் நாலு பேர் என்னைப் பேசுவாங்க. அவங்க வாயை அடைக்க இந்தச் சர்டிபிகேட்டை அவன் கழுத்துல மாட்டிவிடவா?" சான்றிதழை மடித்து என் கையில் வைத்தார். "சொல்றேன். அவன் பாடு, உங்க பாடு."

சொல்லியிருந்தார். வியாழனன்று நான் கீழே இறங்கியபோது அவர் பெஞ்சில்தான் இருந்தார். நகரவில்லை, எழுந்து நின்றார்.

"கண்ணு பொய் சொல்லாதுன்னு எனக்கு அப்பவே தோணுச்சு" என்றார். சிரித்தார்கூட. எனக்கு உயிர் வந்தது. வேலைக்காக அப்படிச் சொல்ல வேண்டி வந்தது என்று மளமளவென்று கொட்டினேன். அவர் தலையாட்டிக் கேட்டார்.

"வயசு பரவாயில்லைங்க. பொழப்புக்காக ஆளாளுக்கு என்னென்னவோ சொல்றோம். கடையில நானும்தான் எல்லா ஃப்ரேமும் எல்லாருக்கும் பொருத்தமா இருக்குன்னு சொல்றேன். ஆனா பேரனுக்குக் காய்ச்சல்னீங்களே, அந்த மூணு நாளும் நான் தூங்கலை. என் சம்சாரமும் காய்ச்சல்னுதான் ஆஸ்பத்திரிக்குப் போனா. போனவ வரலை. அந்தப் பையன் நல்லபடியா வீட்டுக்கு வரணும்னு கடையில உட்கார்ந்து நெனச்சுக்கிட்டே இருந்தேன். நீங்க வந்து 'தேவலை'ன்னீங்க. அன்னிக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?"

அவர் சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார்.

"இனிமே நீங்க தலைவலின்னு சொன்னாலும் எனக்கு யோசனை வரும்ங்க. அது நல்லதில்லை, ரெண்டு பேருக்கும்." முதல் தடவையாக அக்கா என்று சொல்லவில்லை. அதைக் கேட்கத்தான் அத்தனை மாதம் காத்திருந்தேன். வந்தது, இப்படி வந்தது.

அடுத்த வாரத்திலிருந்து பெரிய டீச்சர் ஆட்டோவில் வந்தார். ஆமாம், வகுப்புக்கு வந்தார். நிற்கவும் இல்லை, மேடத்திடம் வாயைத் திறக்கவும் இல்லை. எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. நான் ஏமாற்றினேன் என்று சொன்னால், தான் ஐந்து வருஷம் ஏமாந்தவள் என்றும் சொல்ல வேண்டும். தலைமையாசிரியை அதைச் சொல்வாரா? முதல் வரிசையில் உட்கார்ந்து, என் கண்ணைப் பார்க்காமல், மற்றவர்களைவிட உரக்க 'ஈ' சொன்னார்.

நானும் நிற்கவில்லை. எங்கே போவேன்? நாற்பத்தேழு என்று சொல்லிக்கொண்டு எந்த இடத்துக்குப் போனாலும் நான் நாற்பத்தேழைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிற ஒருத்தி. இங்கேயாவது வாரத்துக்கு ஒரு புதிய ஆள் வந்து வாயைப் பிளக்கிறார். அந்த விளக்கின் முன் நின்ற பிறகு எனக்கு அது சோற்றைவிடப் பெரிதாகிவிட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான்கு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, வகுப்பில் சேர விசாரிக்க ஒரு பெண் வந்திருந்தார். என்னிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "உங்களுக்கு என்ன வயசு?" அன்று ஏனோ எனக்கு நாக்கு எழவில்லை. பன்னிரண்டு கைக்கண்ணாடிகளும் இறங்கின. முதல் வரிசையிலிருந்து பதில் வந்தது.

"அறுபத்திரண்டு ஆகப்போகுது!" என்றார் பெரிய டீச்சர். "நம்பவே முடியாதுல்ல? நான் அஞ்சு வருஷமாக் கூடவே இருந்து பார்க்கறேன்."

புதிய பெண் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பெரிய டீச்சர் பையிலிருந்து ஒரு கட்டு அழைப்பிதழை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தபடி வந்தார். தம்பிக்குக் கல்யாணம். "பொண்ணுக்கு நாப்பத்தெட்டு. பார்த்தாச் சொல்லவே முடியாது, நாப்பதுதான் மதிப்பாங்க. மூஞ்சிக்குத் தண்ணியைத் தவிர வேற ஒண்ணும் போட்டதில்லையாம்!" எல்லோரும் சிரித்தார்கள், உதட்டோடு நிறுத்திக்கொண்டு. கடைசியாக என்னிடம் வந்தார். நாலு மாதத்துக்குப் பிறகு என் கண்ணை நேராகப் பார்த்தார், இமை அசையவில்லை.

"நீங்க அவசியம் வரணும். எங்க வீட்டுல மூத்தவங்கன்னு சொல்லிக்க யாருமே இல்லை. நீங்கதான் பெரியவங்களா முன்னாடி நின்னு ரெண்டு பேரையும் வாழ்த்தணும்."

மாப்பிள்ளை என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பெண் ஒரு வயது மூத்தவள். முடியாது என்று சொல்ல என்னிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அது தெரிந்த ஒரே ஆள் இந்த அறையில் என் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். மற்றவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அழைப்பிதழை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்கட்டும், ரெண்டு பேரும்" என்றேன்.

"பெரியவங்க வாக்கு பலிக்கட்டும்" என்றார் பெரிய டீச்சர்.